கட்டின வேட்டியோட வந்தவங்க கதை

எங்க பக்கம் காசு சம்பாரிச்ச யாரோட வாழ்க்கை வரலாறு எடுத்தாலும் மொத பக்கம் ஒரே மாதிரிதாங்க இருக்கும். கட்டின வேட்டியோட பஸ் ஏறி திருப்பூர் வந்தேன், மொத நாள் ராத்திரி பனியன் கம்பெனி வராண்டாலயே படுத்துக்கிட்டேன், காலைல டீ குடிக்கக் காசில்ல. அடுத்த அத்தியாயத்துல முதலாளி நம்பி ஒரு பொறுப்பு குடுப்பாரு, அப்பறம் சொந்தமா நாலு மிஷின், கடைசில கோயில் கும்பாபிஷேகம், ஸ்கூலுக்குக் கட்டடம், பேரப் பசங்களோட கலர் போட்டோ. கிண்டலுக்குச் சொல்லலீங்க, இந்த மாதிரி விழா மலர் எழுதிக் குடுக்கறது எனக்கு சைடு வருமானம். அறுபதாங் கல்யாணத்துக்கு திருக்கடையூர்ல நாள் குறிச்ச கையோட எனக்கும் ஒரு போன் வந்துரும், மலரை நம்மூர் மண்டபத்துல விருந்தன்னைக்கு ரிலீஸ் பண்ணுவாங்க.

இந்த வேலை பாத்துப் பாத்து தன்வரலாறு படிக்கறப்பவும் அதே புத்தி வந்துருச்சு. எழுதினவரு கஷ்டத்த எந்த இடத்துல வெச்சிருக்காரு, அதுக்குப் பதிலா நம்மகிட்ட என்ன கேக்கறாரு, மரியாதையா, பரிதாபமா, இல்ல வாய மூடிட்டு கேளுங்கறாரா, கண்ணு அங்கதான் போகுது.

டான் மெக்காடம்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர், நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டிக்காரரு. ஜனங்க தங்க வாழ்க்கைய எப்பிடிக் கதையாச் சொல்றாங்கன்னு பேட்டி எடுத்து எடுத்தே ஆராய்ச்சி பண்ணவரு. 'நான் யாரு'ங்கறதே நாம மனசுக்குள்ள திருத்தித் திருத்தி வெச்சிருக்கற ஒரு கதைங்கறது அவரு கட்சி. கெட்டது நடந்து அது நல்லதுல போய் முடிஞ்சுதுன்னு சொல்றது ஒரு வகை, நல்லா இருந்தேன் அந்த ஒரு சம்பவத்தால எல்லாம் போச்சுன்னு சொல்றது இன்னொரு வகை. மொத வகை அமெரிக்காக்காரங்களுக்கு ரொம்பப் புடிச்சதுன்னு 2006ல தனி புத்தகமே போட்டாரு. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, மனுசன் ஒரு நாள் எங்க பல்லடம் ரோட்ல எறங்கியிருந்தா புத்தகத்தோட பேரையே மாத்தியிருப்பாரு.

அந்தக் கதை பொய்யின்னு நான் சொல்ல வரலீங்க. அத நம்பித்தான் அவங்க மறுநாள் எந்திரிச்சு வேலைக்குப் போயிருக்காங்க, அது சாதாரண விசயமில்ல. ஆனா கஷ்டந்தான் என்னைய ஆளாக்குச்சுன்னு ஒருத்தர் சொல்றப்ப, அதே கஷ்டத்த அதே வீட்ல பட்ட இன்னொரு ஆள் என்ன ஆனாங்கன்னு கேக்கணும்ல. அந்தக் கேள்விய மலர்ல யாரும் கேக்க விடமாட்டாங்க.

சோமனூர் பக்கம் ஒரு பெரியவரு வீட்டுக்கு மலர் வேலைக்குப் போயிருந்தேன். கூலித் தறில ஆரம்பிச்சு இப்ப பெரிய குடோன், ஆட்டோ லூம் எல்லாம் ஓடுது. அவரு சோபால ஒக்காந்து தேதி வாரியாச் சொல்லிட்டே இருக்காரு, நான் போன்ல ரெக்கார்ட் பண்றேன், அவரு சம்சாரம் வெங்காயம் உரிச்சுட்டு பக்கத்துல. நடுவுல அவரு போன் பேச வெளிய போனாரு. அப்ப ஆத்தா பாட்டுக்கு ஆரம்பிச்சாங்க. "பெரியவன் கைக்கொழந்தை கண்ணு. தூளிய தறிக்குப் பக்கத்துலயே கட்டிருந்தேன். தறிச் சத்தத்துல அவன் அழுதாக் கேக்காது பாரு, அதனால தூளில ஒரு கவுறு கட்டி அத என்ற கால்ல முடிஞ்சுக்கிட்டு தார்க் கட்டைல நூல் சுத்துவேன். அவன் ஒதைச்சா கால் இழுக்கும், அப்ப எந்திரிச்சுப் போவேன். தூக்கிப் பாத்தா கண்ணு எமை மேலெல்லாம் பஞ்சு படிஞ்சிருக்கும், முந்தானைல தொடச்சு உடுவேன்."

ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்கன்னேன். "அன்னைக்கு எல்லாரும் அப்பிடித்தான, இதுல என்ன கஷ்டம்"னு வெங்காயத்த எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. பெரியவரு உள்ள வந்ததும் இதச் சேத்துக்கலாங்களான்னு கேட்டேன். வேண்டாங்க, சம்பந்திக வீட்ல படிப்பாங்க, நல்லா இருக்காதுன்னுட்டாரு. அச்சான மலர்ல ஆத்தாவுக்கு ஒரு பக்கம் இருக்கு, பட்டுச்சேலை கட்டின போட்டோ, கீழ 'என்றும் துணை நின்றவர்'. ஒரே தறி, ஒரே வருசங்க, ஒருத்தருக்கு அது வாழ்க்கை வரலாறு ஆகுது, இன்னொருத்தருக்கு கஷ்டங்கற பேரு கூட கெடைக்கல.

தலித் எழுத்தாளர் பாமாவோட தன்வரலாறு 'கருக்கு' (1992) திரும்ப எடுத்துப் படிச்சது இதுக்கப்பறந்தான். கன்னியர் மடத்துல சேந்து, அங்கயும் சாதி பாக்கறதக் கண்டு வெளிய வந்து எழுதின புத்தகம். அதுல ஒரு எடம் வருது. சின்னப் புள்ளையா இருக்கறப்ப, அவங்க தெருப் பெரியவர் ஒருத்தர் பலகாரப் பொட்டலத்த நூலப் புடிச்சுத் தொங்கவிட்டமானிக்கே நாயக்கருக்குக் கொண்டு போய்க் குடுக்கறாரு. பாத்த புள்ளைக்கு சிரிப்பு தாங்கல. வீட்ல வந்து சொன்னா அண்ணன் வெளக்கம் சொல்றாரு, கை பட்டா தீட்டுன்னுதான் அப்பிடிக் கொண்டு போனாருன்னு. அதே காட்சி, மொதல்ல வேடிக்கை, சித்த நேரத்துல அவமானம். கஷ்டம் நடக்கறது ஒரு நேரம், அது நம்மளத் தொடறது இன்னொரு நேரம்னு எந்த ஆராய்ச்சியும் இவ்வளவு சுருக்கமாச் சொன்னதில்ல. அந்தப் புத்தகம் வருச வரிசைலயும் போகாது, நடந்ததயே திரும்பத் திரும்ப வேற வேற பக்கத்துல இருந்து தொடும். எனக்கு மலர் குடுக்கறவங்க யாரும் இத ஒத்துக்க மாட்டாங்க, அவங்களுக்குத் தேதி வேணும்.

உ.வே.சா.வோட 'என் சரித்திரம்' வேற மாதிரி. 1940ல இருந்து ஆனந்த விகடன்ல வாராவாரம் வந்து, 1942ல அவரு எறந்ததால பாதில நின்னது. வறுமை அதுல பக்கத்துக்குப் பக்கம் இருக்கு, பையன் படிப்புக்காகக் குடும்பமே ஊர் ஊரா மாறுது. ஆனா அவர மாத்துனது பசி இல்லீங்க, ஒரு கேள்வி. 1880ல கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்தவரு சேலம் இராமசாமி முதலியார். எங்க சேலத்துக்காரரு, அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு. இவரு அப்பத்தான் காலேஜ்ல தமிழ் வாத்தியாரா சேந்த புதுசு, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்கறாரு. முதலியார் கொஞ்சமும் மசியல, சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேக்கறாரு. இவ்வளவு படிச்சும் ஒண்ணும் படிக்காத மாதிரி நிக்க வேண்டியதாப் போச்சு. 1887ல அந்த சீவக சிந்தாமணிய அவரே பதிப்பிச்சு அச்சுல கொண்டுவந்தாரு, அதுக்கப்பறம் அந்த மனுசன் நின்னாரா என்ன. படிச்சவங்களுக்கு வவுத்துப் பசிய விட இந்த மாதிரி அடி ஆழமாப் போகும்போல.

நாமக்கல் பக்கத்துக்காரங்க திருநங்கை ஏ. ரேவதி. அவங்க எழுதின தன்வரலாறு வ. கீதா மொழிபெயர்ப்புல 2010ல மொதல்ல இங்கிலீஷ்ல வந்துச்சு, பொறவுதான் தமிழ்ல 'வெள்ளை மொழி'. வீட்ல அடி, டெல்லி, பம்பாய், பெங்களூரு, போலீஸ்காரங்க பண்ணது, எல்லாம் இருக்கு. வீட்ட விட்டுப் போனவங்க கதைன்னு நெனச்சுப் படிக்க ஆரம்பிச்சா, அவங்க திரும்பத் திரும்ப அதே வீட்டுக்கு வந்துட்டே இருக்காங்க. எதுவும் சரியாகி முடியல, அப்பிடியே எழுதி வெச்சிருக்காங்க. நம்மூர் வீட்டுத் திண்ணைப் பேச்ச இவ்வளவு நேரா அச்சுல நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

எழுதவே எழுதாத கூட்டம் ஒண்ணு இருக்கு. சுமங்கலித் திட்டம்னு சொல்லி தெக்கத்தி மாவட்டங்கள்ல இருந்து வயசுப் புள்ளைகள நூல் மில்லுக்குக் கூட்டிட்டு வந்து, மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்தா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னு சொன்னாங்கல்ல. பாதில ஒடம்புக்கு முடியாமப் போனவங்களுக்கு அந்தப் பணம் கெடைக்கலங்கறது எத்தனையோ தடவை பேப்பர்ல வந்தது. மில் மொதலாளிகளோட மலர்ல 'மகளிர் மேம்பாடு'ன்னு ஒரு தலைப்பு நானே டைப் பண்ணிருக்கேன். அந்தப் புள்ளைக இன்னைக்கு எந்த ஊர்லயோ குடும்பம் நடத்திட்டு இருப்பாங்க, அவங்க எழுதினா அதே மில்லு, அதே வருசம் எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாப்பேன்.

இப்பல்லாம் நான் பெருசுககிட்ட சாதனையப் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி, யாருகிட்டங்க கடன் வாங்குனீங்கன்னு கேக்கறேன். கடன் குடுத்தவங்க பேரச் சொல்ல ஆரம்பிச்சா தனி ஒருத்தரோட கதை தானா ஒரு ஊரோட கதை ஆயிருது. போன மாசம் காங்கேயம் பக்கம் ஒரு வீட்ல அப்பாரோட கணக்கு நோட்டு எடுத்துக் குடுத்தாங்க. பருத்திக்கொட்டை, டாக்டர் ஊசி, நோம்பிக்குத் துணி, மாடு வித்த பணம், அதுக்குக் கீழ யாருகிட்ட எவ்வளவு கைமாத்துன்னு பேரோட. நாலு பக்கத்த அப்பிடியே ஸ்கேன் பண்ணி மலர்ல போடலாம்னு சொல்லிருக்கேன். மூத்தவரு சரின்னுட்டாரு. சின்னவரு யோசிக்கறாரு, ஏன்னா கைமாத்து குடுத்தவரு பங்காளி, தோட்டத்து வழித்தடத் தகராறுல ரெண்டு குடும்பமும் பேசிக்கறதில்ல.