முக்கொம்பில் ஒரு பகல்

அன்று காலை நடக்கவிருந்த பயிலரங்கு ஒத்திவைக்கப்பட்ட செய்தி, கல்லூரி வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விடுதி அறைக்குத் திரும்ப மனமில்லாமல் நின்றிருந்த என்னிடம், வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரியான தோழி, "முக்கொம்புக்குப் போவோமாடி? ராட்டினம் சுத்திட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுட்டு, இருட்டறதுக்குள்ள திரும்பிடலாம்" என்றாள். அவளுக்குச் சொந்த ஊர் ஜீயபுரம். முக்கொம்பு என்பது அவள் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விளையாடிய இடம். எனக்கோ தலைஞாயிறு அருகே ஒரு கிராமம். காவிரி கடலுக்குப் பக்கத்தில் வந்து களைத்து நிற்கும் கடைமடையில் பிறந்த நான், அதன் தலைமடையை அதுவரை பார்த்ததே இல்லை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினோம். ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தூரம். கரூர் சாலை நெடுகிலும் வாழைத்தோட்டங்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஜூன் மாதத்து வயல் வெடித்துக் கிடக்கும். இங்கே வாழை இலைகளின் பச்சை கண்ணைக் குளிர்வித்தது. ஒரே ஆற்றின் பிள்ளைகளான இரண்டு ஊர்கள் இவ்வளவு வேறுபட்டு இருக்க முடியுமா என்று நான் வியந்துகொண்டே வந்தேன்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் அவள் குழந்தையாகிவிட்டாள். ஊஞ்சலில் அமர்ந்து என்னைத் தள்ளச் சொன்னாள். பிறகு நான் அமர, அவள் தள்ளினாள். ராட்டினத்தில் ஏறியபோது அவள் என் கையை இறுகப் பற்றிக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது. ஊரில் எனக்கு ராட்டினம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போது அப்பா ஏற்றிவிடுவதுதான். எந்த விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், வெறும் மகிழ்ச்சிக்காக மட்டும் அதில் ஏறியது அன்றுதான் முதல்முறை.

ஆனால் எங்கள் பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டது ராட்டினம் அல்ல, மதகுகள்தான். மேற்கிலிருந்து அகன்று வரும் காவிரி இந்த இடத்தில்தான் பிரிகிறது: தெற்குப் பக்கம் காவிரியாகவே தொடர்ந்து டெல்டாவுக்குச் செல்கிறது, வடக்குப் பக்கம் கொள்ளிடமாகி நேரே கடலை நோக்கி ஓடுகிறது. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு இரண்டு வாரம் ஆகியிருந்ததால், காவிரிப் பக்கத்து மதகுகளின் கீழ் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. மதகுகள் மூடியிருந்த கொள்ளிடப் பக்கத்தில் வெயிலில் வெள்ளை மணல் மட்டும் விரிந்து கிடந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. விட்டால் ஆறு முழுவதும் அந்தப் பக்கமே சரிந்து போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் காவிரி மண்மேடிட்டுத் தூரத் தொடங்க, 1836ஆம் ஆண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். இதைப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் தண்ணீரும் மறுபக்கம் மணலுமாக நேரில் பார்த்தபோதுதான், அந்தத் தடுப்பு இல்லையென்றால் எங்கள் வயலுக்குச் சொட்டு நீரும் வந்திருக்காது என்பது எனக்கு உறைத்தது.

2018 ஆகஸ்டில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த ஓர் இரவில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்ததைத் தோழி சொன்னாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. மறுநாள் ஊரே ஆற்றங்கரையில் கூடி நின்றதாகவும், அவளுடைய தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னாள். அதே நாள்களில் நாங்கள் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து, கடலுக்குப் போகும் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்று நான் அவளிடம் சொன்னேன். அவ்வளவு வெள்ளத்திலும் எங்கள் பக்கத்து வாய்க்கால் பலவற்றில் தண்ணீர் ஏறவில்லை. "இங்கேருந்து போற தண்ணி உங்க ஊருக்கு எப்படிடி வரும்?" என்று அவள் கேட்டாள். கல்லணையில் வெண்ணாறு பிரிவதையும், வெண்ணாற்றுப் பாசனத்தைச் சேர்ந்த ஆறுகளில் ஒன்றான அரிச்சந்திரா நதி எங்களைத் தேடி வருவதையும் நான் மணலில் குச்சியால் வரைந்து காட்டினேன். முதல் தண்ணீர் சருகுகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வரும்போது சிறுவர்கள் அதற்கு முன்னால் வெறுங்காலோடு ஓடுவதையும், பெரியவர்கள் நெல்லும் பூவும் தூவி வரவேற்பதையும் சொன்னபோது, அவள் வெகுநேரம் மதகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகள் இங்கே விளையாடியும் தண்ணீர் எங்கே போகிறது என்று தான் யோசித்ததில்லை என்றாள்.

மீன் வறுவலைப் பொட்டலமாக வாங்கிக் கரையில் அமர்ந்து சாப்பிட்டோம். அப்போது அப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"முக்கொம்புல நிக்கிறேம்ப்பா. தண்ணி நல்லா போவுது."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எத்தனை மதகு தூக்கியிருக்கான்? கரையில எதுவரைக்கும் நனைஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். நான் ஒவ்வொரு மதகாக எண்ணத் தொடங்கினேன். பாதியில் எனக்குக் கணக்குத் தவறியபோது, தோழி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முதலிலிருந்து அவளே உரக்க எண்ணினாள்.

பதினோரு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "ஆத்துல தண்ணி வந்துட்டு." நான் அதை மேசைக்குக் கீழே நீட்டித் தோழியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுத் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.