நாலு வயசுக்கு ஆறு வித்தியாசம் ஏன் பிடிபடாது?

வாரப் பத்திரிகையில் வருகிற 'ஆறு வித்தியாசங்கள்' படத்தை நாலு வயசுக் குழந்தையிடம் கொடுங்கள். பத்து விநாடியில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடும். பொறுமையே இல்லை என்று அதன் மேல் பழி போடுவோம். எதை அடுத்து எதைப் பார்ப்பது என்பதுதான் அதற்கு இன்னும் கைவரவில்லை.

1968-ல் பிரெஞ்சு உளவியலாளர் எலியான் வுர்பியோ, குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று படம் பிடித்தே பார்த்தார். இரண்டு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு ஜன்னல்கள். ஒரே மாதிரி வீடுகளா, வேறு வேறா? எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் இந்த வீட்டு ஜன்னலிலிருந்து அந்த வீட்டில் அதே இடத்து ஜன்னலுக்குத் தாவும். பிறகு அடுத்த ஜோடி. நாலைந்து வயதில் கண் மேயும். ஒரே வீட்டுக்குள் மேலும் கீழும் போகும், சில ஜன்னல்கள் பார்க்காமலே கிடக்கும். பதில் மட்டும் தயங்காமல் வரும்.

கண்ணை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பதே கற்கவேண்டிய வித்தைதான். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில்தான் ஓரளவு தெரியும். பால் குடிக்கையில் அம்மா முகம் இருக்கும் தூரம். முதல் மாதம் அந்த முகத்திலும் விளிம்பைத்தான், அதாவது நெற்றியில் முடி தொடங்கும் இடத்தைத்தான், அதிகம் பார்க்கும். கண்களுக்கு வர இரண்டு மாதம் ஆகும். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு வேடிக்கை: ஜன்னல் கம்பியில் பார்வை ஒட்டிக்கொண்டால் எடுக்கத் தெரியாமல் சில குழந்தைகள் அழுதேவிடும். 'எவ்வளவு கூர்ந்து பார்க்கிறது!' என்று நாம் பூரித்துக்கொண்டிருப்போம். அப்போது பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டிப் பயனில்லை. முதலில் அது பார்ப்பதை மறையுங்கள், பிறகு கிலுகிலுப்பையைக் காட்டுங்கள், கண் திரும்பும். நாலு மாத வாக்கில் மறைக்கவே வேண்டாம்.

நாலு வயதிலும் இதே மறைக்கும் உத்தி கைகொடுக்கும். படங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒரு வெள்ளைத்தாளால் மூடி, இரண்டிலும் மேல் கால்பகுதி மட்டும் தெரியும்படி விடுங்கள். குழந்தை இடது படத்தில் ஒரு பொருளை விரலால் தொட்டு, வலது படத்தில் அதையே தொடட்டும். அந்தப் பட்டை முடிந்த பிறகே தாளை இறக்குங்கள். உங்கள் விரல் மட்டும் படத்தின் பக்கம் போகவேண்டாம். ஒரு வயதிலேயே பெரியவர்கள் சுட்டும் திசையைப் பிடித்துக்கொள்கிற குழந்தைகள், நாலு வயதில் படத்தை விட்டுவிட்டு உங்கள் விரலைத்தான் படிப்பார்கள்.

சுவரையும் ஒருமுறை பாருங்கள். 2014-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், சார்ட்டும் படமும் நிறைந்த வகுப்பறையில் மழலையர் பாட நேரத்தில் சுமார் 39 சதவீதம் கவனம் சிதறியிருந்தார்கள்; வெறும் சுவரில் 28. பிரீ.கே.ஜி. அறையை அங்குலம் விடாமல் அலங்கரிப்பவர்கள் இதை யோசிக்கலாம். குறைந்தது கரும்பலகையைச் சுற்றியாவது காலியாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் கவனக்குறைவு என்றும் தள்ளிவிட முடியாது. தலையைச் சாய்த்தே பார்த்தால் கண்ணில் கோளாறு இருக்கலாம். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்துவிட்டு மற்றதை மூடினால் மட்டும் கையைத் தட்டிவிட்டால், மூடாத கண் மங்கலாக இருக்கலாம். அது சோம்பேறிக் கண்ணாக, அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை குறைந்த கண்ணாக, இருந்தால் ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்குவது நல்ல பலன் தரும். புதிர்ப் படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்.