துலேரி ஏரியை எட்டும் முன்பே உருகும் பனிநீரைப் பிடிக்க வேண்டும்

2023 ஏப்ரல் 3 அன்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், பிலிப்ஸ் நிலையத்தில் அளந்த பனியின் ஆழம் 126.5 அங்குலம். செய்திகளில் அடிபட்டது இந்த எண்தான். ஆனால் அணைக்காரர்களுக்கு வேண்டியது வேறு எண்: அந்தப் பனி அத்தனையும் உருகினால் நிற்கும் நீர் 54 அங்குலம். தெற்கு சியராவில் பனி வழக்கத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அது உருகி ஓடிவருவது மலையடிவாரத்துத் துலேரிப் பள்ளத்தாக்குக்கு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் கடும் வறட்சி.

அளக்கும் முறை எளிது. உள்விட்டம் 1.485 அங்குலமுள்ள அலுமினியக் குழாயைத் தரை தட்டும் வரை பனிக்குள் இறக்கி, வெளியே எடுத்து எடை போடுவார்கள். அந்த விட்டத்துக்கு ஓர் அவுன்ஸ் எடை என்றால் ஓர் அங்குல நீர். வேறு கணக்கே வேண்டாம். குழாயின் நுனியில் கொஞ்சம் மண் ஒட்டி வந்தால்தான் அடிவரை போயிருக்கிறது என்று பொருள். அந்த மண்ணைச் சுரண்டி எறியாமல் எடை போட்டால் கணக்கு தப்பும். நடுவே இருக்கும் பனிக்கட்டி அடுக்கில் குழாய் முட்டி நின்றுவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

பனி முழுக்க ஈரமாகி 0 டிகிரிக்கு வந்தபின்தான் நீர் வெளியேறும். அதன் பிறகு, சராசரி வெப்பம் உறைநிலைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை உருகும் என்பது கைக்கணக்கு. 30 மில்லிமீட்டர் வீதம் உருகினால் 54 அங்குலம் தீர ஒன்றரை மாதம் ஆகும். தூசி படிந்த பனி வெயிலை அதிகம் உள்வாங்கி இன்னும் வேகமாகக் கரையும்.

அணையில் கேள்வி ஒன்றுதான்: இப்போது எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்? எடுத்துக்காட்டுக்கு, இன்னும் 35 டி.எம்.சி. வரவிருக்கிறது, கீழே ஆறு கரை உடையாமல் தாங்குவது வினாடிக்கு 4,000 கனஅடி என்று வைத்துக்கொள்வோம். 80 நாளில் 27.6 டி.எம்.சி. போய்விடும். மிச்சம் 7.4 டி.எம்.சி.க்கு இன்றே இடம் இருக்க வேண்டும். வறட்சியில் வாடிய ஊரில் அணையைத் திறந்துவிட யாருக்கும் மனம் வராது. ஆனால் இரண்டு வாரம் தயங்கினால் அதே 35 டி.எம்.சி.யை 66 நாளில் தள்ள வேண்டிவரும். தேவைப்படும் இடம் 12 டி.எம்.சி.யைத் தாண்டிவிடும்.

கிங்ஸ், கவீயா, டூலி, கெர்ன் என்ற நான்கு ஆறுகளும் சேரும் துலேரிப் பள்ளத்தாக்கில் இதுதான் சிக்கல். கிங்ஸ் ஆற்றின் பைன் ஃப்ளாட் அணை ஏறத்தாழ 43 டி.எம்.சி. கொள்ளும், கவீயா ஆற்றின் டெர்மினஸ் அணைக்கு 8 டி.எம்.சி.தான். ஆறுகளைத் திருப்பி, அடிநிலத்தில் பருத்தியும் தக்காளியும் போட்ட பிறகு துலேரி ஏரி பெரும்பாலான ஆண்டுகளில் வறண்டே கிடந்தது. 2023 மார்ச்சில் மழைவெள்ளம் அதை எழுப்பியது, மே, ஜூனில் உருகுநீர் பரப்பியது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் மூழ்கியது. அங்கத்திய பழங்குடிகளான தாச்சி யோகுட் மக்களுக்கு அது பாஆஷி, அவர்களுடைய பழைய ஏரி.

இந்த ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. அடியில் கோர்கோரன் களிமண் அடுக்கு தடுப்பதால் ஆழத்தில் நிலத்தடி நீர் தங்கும் மண்ணடுக்குக்கும் இறங்காது. வெயிலில் ஆவியாக வேண்டும், அல்லது பம்பு வைத்து இறைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் வறண்டு தவிக்கும் பகுதியில், தண்ணீர் வந்து சேரும் இடம் ஊறவே ஊறாத இடம். ஊறும் நிலம் கிழக்கே, ஆறுகள் மலையிறங்கி விசிறி வடிவில் பரப்பிய மணற்பாங்கான மேடுகளில் இருக்கிறது. பிடிக்க வேண்டியது அங்கேதான்.

தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் ஊறல் குளத்துக்கான கணக்கு இது. வினாடிக்கு ஒரு கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்-அடி, அதாவது இரண்டு ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர். நாளுக்கு ஓர் அடி ஊறும் மணல்நிலத்தில் 100 ஏக்கர் குளம் 50 கனஅடியை விழுங்கும். ஆற்றில் 5,000 கனஅடி வந்தால் 10,000 ஏக்கர் வேண்டும். அவ்வளவு குளம் வெட்ட முடியாது. வயல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடிகால் நன்றாக உள்ள குதிரைமசால் வயல் தாங்கும். திராட்சையும் உறக்கத்தில் இருக்கும்போது தாங்கும். பாதாம் இலை விட்ட பிறகு தண்ணீர் கட்டினால் வேர் அழுகும். உருகுநீர் வருவதோ மே, ஜூனில். அதனால் குளிர்காலத்திலேயே அணையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வயலில் ஊறவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

முதல் வாரம் வேகமாக ஊறிய குளம் நான்காம் வாரம் பாதி வேகத்துக்குக் குறைவது வழக்கம். வண்டல் மேல்மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளே வரும் நீரை முதலில் ஒரு சிறு தெளிகுளத்தில் நிறுத்த வேண்டும். பெரிய குளத்தை இரண்டு மூன்று பாத்திகளாகப் பிரித்து, ஒன்றைக் காயவிட்டு மேலே படிந்த படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரத்தில் டிராக்டரை இறக்கினால் அடிமண் இறுகி நிலைமை இன்னும் மோசமாகும். உரமோ சாணமோ போட்ட வயலில் தேக்கினால் நைட்ரேட் நேராகக் குடிநீர்க் கிணற்றில் இறங்கும். 2023 மார்ச் 10 அன்று ஆளுநர் உத்தரவு வெள்ளநீரை உரிமமின்றி ஊறவிட அனுமதித்தபோதும், முந்தைய 30 நாளில் உரமோ பூச்சிமருந்தோ போட்ட வயல்களையும் பால்பண்ணைக் கழிவு பாய்ச்சும் நிலங்களையும் விலக்கியது. அது மிகச் சரியான முடிவு.

மிகவும் வருத்தம் தருவது கால்வாயின் நிலை. ஃப்ரையன்ட்–கெர்ன் கால்வாய் பம்பு இல்லாமல் சரிவில் ஓடுவது, இந்த மணற்பாங்கான ஓரத்துக்கு நீர் கொண்டுவருவது. வறட்சியில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை அமிழ்ந்து, அதன் நடுப்பகுதி 60 விழுக்காடு கொள்ளளவை இழந்தது. கோர்கோரன் ஊரைக் காக்கும் கரையும் அதே காரணத்தால் தாழ்ந்து, 2023இல் வெள்ளம் ஏறிவரும்போதே மண் கொட்டி உயர்த்த வேண்டியிருந்தது.