பெங்களூரு ஜெயநகர், தொகுதி எண் 173: ஒரு தேர்தல் நாட்குறிப்பு

ஏப்ரல் 17, 2023

வீட்டு ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் 12டி படிவம் சேர்க்க நேரம் முடியப்போகிறது. அறிவிக்கை வந்தது 13-ம் தேதி, அதிலிருந்து ஐந்து நாள்தான். எண்பது தாண்டியவர்கள் எல்லோருக்கும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட ஆசை. கையெழுத்து வாங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் பட்டியலில் பெயருக்கு நேராக ‘பிபி’ (போஸ்டல் பேலட், தபால் ஓட்டு) என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் மனசு மாறி பூத்துக்குப் போனால் மெஷின் பக்கம் விடமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வருவது இரண்டே முறை. இரண்டு முறையும் பாட்டி ஓசூரில் மகள் வீட்டில் இருந்தால் ஓட்டு போச்சு. திலக்நகரில் பாதிப் பாட்டிகளுக்கு ஓசூரில் மகள் இருக்கிறாள்.

ஏப்ரல் 20

மனு கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவு மூடும். உள்ளே நின்றவரிடம் வாங்குவார்கள், வாசலில் நின்றவர் போக வேண்டியதுதான்.

படிவம் 2பி, ஒருவருக்கு நான்கு செட் வரை. அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். பத்தில் ஒருவர் பக்கத்துத் தொகுதி வாக்காளர் என்றால் மனு காலி. பிடிஎம் லேஅவுட் எல்லைத் தெருக்களில் இது சகஜம். ஒரே தெரு, எதிர்வரிசை வீடு வேறு தொகுதி. டெபாசிட் 10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ‘இல்லை’ என்று எழுதலாம், சும்மா விடக் கூடாது. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ஏ, பி படிவங்களில் மையால் போட்ட கையெழுத்து வேண்டும், ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது.

வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளாவது தொடங்கியிருக்க வேண்டும். செலவு வரம்பு 40 லட்சம். கணக்குப் புத்தகத்தில் மூன்று நிறம்: அன்றாடச் செலவு வெள்ளை, ரொக்கம் ரோஸ், வங்கி மஞ்சள். ரோஸ் பக்கத்தில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட் எல்லாருமே ரொக்கம் கேட்பவர்கள்.

ஏப்ரல் 21

பரிசீலனை. முத்திரை, கையெழுத்து, முத்திரை, கையெழுத்து.

ஏப்ரல் 24

வாபஸ் முடிந்தது. இனி மெஷினில் யார் எத்தனையாவது என்பது மாறாது. முதலில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்றவை, கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொரு பிரிவிலும் அகரவரிசை. 2015 முதல் வேட்பாளர் படமும் உண்டு. ஒரே பெயரில் இன்னொருவரை நிறுத்தும் பழைய வித்தைக்கு மருந்தாக வந்தது அது. முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடி மறந்து வந்தவருக்குப் படமும் தெரியாது.

ஏப்ரல் 27

பட்டியல் சரிபார்ப்பு, பைரசந்திரா பக்கம். கன்னடத்தில் ‘ழ’ கிடையாது. கனிமொழி ‘கனிமொளி’ ஆகியிருக்கிறாள், தமிழழகன் யாரென்றே தெரியவில்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் ஒட்டியதில் சிலருக்கு அப்பா பெயரே சொந்தப் பெயராகிவிட்டது. எழுத்துப்பிழை இருந்தாலும் ஆள் யாரென்று உறுதியானால் ஓட்டுப் போட விட வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. ஏஜெண்டுகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சண்டை போடாதே, விதியைச் சொல்.

பெயரே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. மனு கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்திருக்க வேண்டும். “ஆதார் இருக்கே அண்ணா” என்கிறார்கள். ஆதார் ஆளைக் காட்டும், பட்டியலில் சேர்க்காது.

ஏப்ரல் 30

வீட்டு ஓட்டு நடக்கிறது. கேட்பவர்களுக்காக ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன்.

சீட்டில் குறியிட்டு 13பி என்ற சின்ன உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். 13ஏ என்ற உறுதிமொழித் தாள் இந்தச் சின்ன உறைக்குள் போகக் கூடாது, அது தனி. அதில் சீட்டின் வரிசை எண், வாக்காளர் கையெழுத்து, சான்றளிக்கும் அதிகாரியின் கையெழுத்து மூன்றும் வேண்டும். சின்ன உறையும் 13ஏ-யும் சேர்ந்து 13சி என்ற பெரிய உறைக்குள் போகும்.

எண்ணும் இடத்தில் முதலில் பிரிப்பது பெரிய உறையை. 13ஏ இல்லையா, சின்ன உறையைப் பிரிக்காமலே தள்ளுபடி. வரிசை எண் ஒத்துவரவில்லையா, தள்ளுபடி. சான்று இல்லையா, தள்ளுபடி. உள்ளே யாருக்குக் குத்தினார் என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள் தபால் ஓட்டும் இதே வழிதான். ஊருக்கெல்லாம் பூத் நடத்துகிறவர்களே இந்த உறையில் கோட்டைவிடுகிறார்கள்.

மே 4

விஜயகுமார் போய் இன்றோடு ஐந்து வருடம். பாஜகவின் பி.என். விஜயகுமார், 2008-லும் 2013-லும் இங்கே ஜெயித்தவர். 2018-ல் பிரசாரத்தின் நடுவில் காலமானார். மாநிலம் பெரும்பாலும் மே 12-ல் ஓட்டுப் போட்டது, ஜெயநகர் ஜூன் 11 வரை காத்திருந்தது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும்தான் தேர்தல் தள்ளிப்போகும். அந்தக் கட்சிக்குப் புது ஆளை நிறுத்த ஏழு நாள் உண்டு, மற்றவர்களின் பழைய மனுவே போதும். சுயேச்சை இறந்தால் தேர்தல் நிற்காது.

அப்படித் தள்ளிப்போன தேர்தலில் மதச்சார்பற்ற ஜனதா தளம் தன் ஆளை விலக்கிக்கொண்டது. காங்கிரஸின் சௌம்யா ரெட்டி, விஜயகுமாரின் தம்பி பிரகலாதை 2,889 ஓட்டில் வென்றார். சௌம்யாவின் அப்பா ராமலிங்க ரெட்டி 1989 முதல் நான்கு முறை இதே தொகுதியில் ஜெயித்தவர், மறுவரையறைக்குப் பிறகு பிடிஎம் லேஅவுட் போனார். இப்போது சௌம்யாவுக்கு எதிரே நிற்கும் பாஜகவின் சி.கே. ராமமூர்த்தி மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். 2020 செப்டம்பரோடு மாநகராட்சி மன்றமே முடிந்துவிட்டது. தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள். இந்தத் தேர்தலில் பாதி அதுதான்.

மே 6

கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி தொகுதி, 2004. கிருஷ்ணமூர்த்தி 40,751, துருவநாராயண் 40,752. தோற்றவரின் டிரைவருக்கு ஓட்டுப் போட நேரமே கிடைக்கவில்லை என்பார்கள்.

மே 8

ஆறு மணியோடு பிரசாரம் ஓய்ந்தது. வெளித்தொகுதி ஆட்கள் கிளம்ப வேண்டும். பூத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கொடுக்கும் சீட்டு வெறும் வெள்ளைத் தாள், சின்னம் கூடாது. அந்தச் சீட்டு அடையாளச் சான்று ஆகாது என்று சொல்லியே கொடுங்கள்.

டிரைவர்களுக்கு ஓட்டு நாளன்று காலையிலேயே விடுப்பு. முதல் வேலை அது.

மே 10

ஐந்தரைக்கு மாதிரி ஓட்டு. குறைந்தது ஐம்பது. பிறகு மூன்று பொத்தான், இந்த வரிசையிலேயே: குளோஸ், ரிசல்ட், கிளியர். மூன்றாவதை மறந்தால் மாதிரி ஓட்டும் உண்மை ஓட்டோடு கலந்துவிடும். அந்த மெஷினை எண்ணும் நாளில் ஒதுக்கி வைப்பார்கள். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பச்சைத் தாள் முத்திரையில் கையெழுத்துப் போடுமுன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்.

விவிபாட் ஜன்னல் ஓரத்திலோ விளக்குக்கு நேர் கீழேயோ இருக்கக் கூடாது, வெளிச்சத்தில் மக்கர் செய்யும். அது மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஓட்டு நடக்கும்போது கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானால் மொத்த செட்டும் மாற வேண்டும்.

உன் ஓட்டை வேறொருவன் போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு கேட்கலாம். தாளில் குத்தி உறையில் வைப்பார்கள். மனசு ஆறும், ஆனால் எண்ணிக்கையில் சேராது.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்தார்கள், அதுதான் முறை. பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் நகல் வாங்காமல் சில ஏஜெண்டுகள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மே 11

மைசூர் மை விரலில் பழுப்பாகிவிட்டது.

மே 12

நாளைக்கு எண்ணும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு. வேட்பாளர் வரிசையை மெஷினில் உள்ளபடியே தாளில் எழுதிக்கொண்டு போ. கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து எண்ணைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி கீழே இறங்கிவிடும், அங்கிருந்து எல்லாம் தப்பு. மெஷின் எண்ணையும் மொத்த ஓட்டையும் 17சி-யோடு ஒப்பிட்ட பிறகுதான் ரிசல்ட் பொத்தான். ஒரு சுற்றுக்குப் பதினான்கு மேசை.

திறமையான ஆளைத் தபால் மேசையில் உட்கார வை. எல்லாக் கட்சியும் இதில்தான் தப்புச் செய்கிறது. கெட்டிக்காரனை மெஷின் பக்கம் அனுப்பிவிட்டு, பெரியவர் யாரையாவது தபாலுக்கு விடுகிறது.

ராதாபுரம் ஞாபகம் வருகிறது. 2016-ல் அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். தள்ளிய தபால் ஓட்டு 203. சான்றளித்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி உண்டா இல்லையா என்பதே வழக்கு. உயர் நீதிமன்றம் 2019-ல் உண்டு என்று சொல்லி எண்ணவும் வைத்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அப்பாவு ஜெயித்துச் சபாநாயகரே ஆகிவிட்டார்.

மே 13

காலை 8. ஜெயநகர் எஸ்.எஸ்.எம்.ஆர்.வி. கல்லூரி. முதலில் தபால், எட்டரைக்கு மெஷின்.

மாலை. மாநிலம் முடிந்துவிட்டது, காங்கிரஸ் ஆட்சி. இங்கே மட்டும் முடியவில்லை. சௌம்யா முன்னால் என்கிறார்கள். வித்தியாசம் மிகச் சின்னது.

மறு எண்ணிக்கை கேட்க ஒரு சின்ன இடைவெளிதான் உண்டு, விதி 63. மொத்தத்தை வாசித்த பிறகு, முடிவை அறிவிக்குமுன். வாயால் கேட்டால் போதாது, காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். இது தவிர, வித்தியாசம் தள்ளுபடியான தபால் ஓட்டைவிடக் குறைவு என்றால் தள்ளியதையெல்லாம் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

இரவு. பாஜகவின் அசோக்கும் தேஜஸ்வி சூர்யாவும் வந்துவிட்டார்கள். காங்கிரஸின் டி.கே. சிவகுமார் வெளியே போராட்டத்தில், ராமலிங்க ரெட்டியும் கூட. முதலில் தள்ளிய தபால் ஓட்டைப் பிறகு ஏற்றார்கள் என்பது காங்கிரஸ் புகார். அந்த 13ஏ. அந்த ஒரு கையெழுத்து.

நள்ளிரவு. ராமமூர்த்தி 57,797. சௌம்யா 57,781.

மே 14

மாநிலத்தில் காங்கிரஸ் 136 என்றிருந்தது 135 ஆனது. பாஜக 65 என்றிருந்தது 66.

தேர்தல் மனுவுக்கு 45 நாள், உயர் நீதிமன்றம், டெபாசிட் 2,000. அதுவரை மெஷின்கள் சீலோடு இருக்கும். டெண்டர் ஓட்டு உறைகளும்.

பதினாறு. திலக்நகர் ‘பிபி’ பட்டியலில் ஓசூர் போன பாட்டிகள் தனித் தாளில் இருக்கிறார்கள். எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் எண்ணவில்லை.