யாருக்கும் சொந்தமில்லாத வீட்டில் ஒரு வார இறுதி

வெளியூரிலிருந்து நண்பர்கள் வந்து என் வீட்டில் சில நாட்கள் தங்கும்போதெல்லாம், அதில் ஒரு வார இறுதியை நகரத்துக்கு வெளியே, வயலும் மரங்களும் சூழ்ந்த ஏதேனும் ஒரு வாடகை வீட்டில் அவர்களோடு கழிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். ஊர் சுற்றிக் காட்டுவது இதில் இரண்டாம் பட்சம்தான். என் வீட்டில் இருக்கும்வரை அவர்கள் விருந்தாளிகள், நான் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவள். இருதரப்பாருக்கும் சொந்தமில்லாத ஒரு கூரையின் கீழ் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழையபடி நண்பர்களாகிறோம்.

வீட்டில் நடப்பதை நினைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் அடுப்பைப் பார்ப்பதற்காக நான் எழுந்து போகிறேன். திரும்பி வருவதற்குள் பேச்சு எங்கோ போய்விடுகிறது. வெந்நீர் வருகிறதா, போர்வை போதுமா, குழந்தைக்குப் பசிக்குமா என்று மனத்தின் ஒரு பாதி ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. வந்தவர்களுக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. கல்லூரிக் காலம் தொட்டு என்னோடு பழகிய தோழிகூட ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன், "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறாள், விடியற்காலையில் விழிப்பு வந்துவிட்டால், வீட்டிலுள்ளவர்களின் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்பு மிகுதியால் வருகிற கூச்சம் இது என்பதால், "உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்" என்று எத்தனை முறை சொன்னாலும் அது போவதில்லை.

அண்மையில் அவளும் கணவரும் மகளும் வந்திருந்தபோது நாங்கள் எடுத்த கிராமத்து வீட்டில், கூடத்துச் சுவரில் வரிசையாக இருந்த சுவிட்சுகளில் எது எந்த விளக்குக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தோழி ஒன்றை அழுத்த, வாசல் விளக்கு எரிந்தது. நான் அடுத்ததை அழுத்த, சமையலறையில் மின்விசிறி சுற்றியது. பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று அவள் யாரையும் கேட்காமல் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்தாள். அன்றிரவு சமையலை அவள் கணவர் ஏற்றுக்கொண்டார், காய் நறுக்கியது நான், பாத்திரம் துலக்கியவர்கள் குழந்தையும் என் கணவரும். என் வீட்டில் இப்படி வேலையைப் பங்கிட ஒரு போதும் மனம் வந்திருக்காது, அவர்கள் முன்வந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். செலவையும் அங்கே சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள முடிகிறது.

புறப்படும் நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நெடும் பயணம் செய்து வந்தவர்களை மறுநாள் இருட்டோடு எழுப்பி வண்டியில் ஏற்றக் கூடாது. புது இடத்தில் முதல் நாள் சரியாகத் தூக்கம் பிடிக்காது என்பது எல்லோரும் அனுபவித்து அறிந்ததே. தூக்க ஆய்வாளர்கள் இதை முதல் இரவு விளைவு என்று குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அறிமுகமில்லாத இடத்தில் தூங்கும் முதல் இரவின் ஆழ்ந்த உறக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதியைக் காட்டிலும் விழிப்போடு இருந்ததையும், பழக்கமில்லாத ஒலிகளுக்கு அது விரைவாகச் செவிசாய்த்ததையும் கண்டறிந்தார்கள். நம் வீட்டில் அரைத்தூக்கம் தூங்கியவர்களை அடுத்த நாளே இன்னொரு புது இடத்துக்கு அழைத்துச் சென்றால், அங்கேயும் அதே அரைத்தூக்கம்தான் காத்திருக்கும். ஆகவே, முடிந்தால் வியாழக்கிழமையே வந்துவிடும்படி சொல்வேன். சனிக்கிழமை காலை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

எந்த வார இறுதி என்பதை நிலவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். நகரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கிராமம் தரக்கூடியவற்றில் இருளுக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். உலகின் இரவு வானில் மின்விளக்குகளின் ஒளி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று 2016ஆம் ஆண்டில் வெளியானது. மனிதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாத நிலையில் இருப்பதாக அது சொல்கிறது. முழுநிலவு நாளில் கிராமத்துக்குப் போனாலும் மங்கலான விண்மீன்கள் நிலவொளியில் மறைந்துவிடும். அமாவாசையை ஒட்டிய வார இறுதி கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டாலும், நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதித்தே உதிப்பதால், பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாளான பிறகு போனால் முன்னிரவு முழுவதும் இருட்டாகவே இருக்கும்.

கண் இருளுக்குப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். நடுவில் யாராவது ஒரு முறை செல்பேசியைத் திறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி, எல்லோருடைய பேசிகளையும் உள்ளே வைத்துவிட்டு, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டோம், ஏனெனில் மங்கிய சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் கெடுப்பதில்லை. முற்றத்தில் பாயை விரித்துப் படுத்த தோழியின் மகள் முதலில் விண்மீன்களை எண்ணத் தொடங்கினாள்; கால் மணி நேரத்துக்குள் எண்ணிக்கையைக் கைவிட்டுவிட்டு, வானத்தின் குறுக்கே வெண்மையாக ஓடுவது மேகம்தானே என்று கேட்டாள். அது நாம் இருக்கும் பால்வீதியேதான் என்று அவள் தந்தை சொன்னபோது நெடுநேரம் நம்ப மறுத்தாள்.

அந்த இருட்டில்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே, தன் வேலையை விட்டுவிட எண்ணியிருப்பதைத் தோழி எங்களிடம் சொன்னாள். என் வீட்டுக் கூடத்தில் இரண்டு நாட்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் அந்தப் பேச்சு வரவில்லை. அடுப்பைப் பார்க்க எழ வேண்டிய தேவை எனக்கும், என் முகம் வாடுகிறதா என்று பார்க்க வேண்டிய தேவை அவளுக்கும் அந்த முற்றத்தில் இல்லாமல் போனதே அவள் மனம் திறந்ததற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

கிராமத்து வார இறுதியை ஏற்பாடு செய்கிறவர்கள் அருவி, கோயில், படகுத்துறை என்று சனி, ஞாயிறு இரண்டையும் நிரப்பிவிடுவதைப் பார்க்கிறேன். நான் ஒன்றே ஒன்றை மட்டும் திட்டமிடுவேன், அதுவும் காலை நடை போன்ற எளிய ஒன்றாக இருக்கும். வர விரும்பாதவர்கள் தூங்கலாம். திரும்பும் பயணத்தை மட்டும் ஞாயிறு நண்பகலுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். மாலைப் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக் களைத்துப்போய் வீடு சேர்ந்து, அவசரம் அவசரமாகப் பெட்டி கட்டி விடைபெறும்படி ஆகிவிட்டால், இரண்டு நாட்களில் கிடைத்த இளைப்பாறல் அந்த ஒரு மாலையிலேயே கரைந்துவிடும். இந்த முறை மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். தோழி துணிகளைத் துவைக்கப் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு எந்த மாதம் வந்தால் அமாவாசை வார இறுதியில் அமையும் என்று காலண்டரைப் புரட்டத் தொடங்கினாள்.