59,000 ரூபா பில்லில் வற் (பெறுமதி சேர் வரி) எவ்வளவு?

திருகோணமலை நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். சீமெந்து, கம்பி, பெயின்ற், பைப் எல்லாம் உண்டு. மார்ச், ஏப்ரல் என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. மே மாதத்தில் கடல் அடங்கி வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்குமுன் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகள் எல்லாம் பூச்சும் திருத்தமுமாக இருக்கும். அதற்கான சாமான் எங்களைப் போன்ற கடைகளிலிருந்துதான் போகும்.

2024 மார்ச்சில் நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரரின் கணக்காளர் போன் எடுத்தார். “தங்கச்சி, உங்கட இன்வொய்ஸ வச்சு நான் உள்ளீட்டு வரி கழிக்கேலாது. கணக்குப் பிழை. ஒருக்கா நீங்களே போட்டுப் பாருங்கோ” என்றார். சாமான் வாங்கும்போது கொடுத்த வற்றை, தான் கட்டவேண்டிய வற்றிலிருந்து கழிப்பதைத்தான் உள்ளீட்டு வரி கழிப்பது என்போம்.

பில்லை எடுத்துப் பார்த்தேன். மொத்தம் 59,000 ரூபா. வற் 10,620. வரி நீங்கலான பெறுமதி 48,380. கூட்டினால் 59,000 சரியாகத்தான் வருகிறது. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கல்குலேற்றரில் 48,380ஐ 18 வீதத்தால் பெருக்கினேன். 8,708 ரூபா 40 சதம். பில்லில் இருப்பதோ 10,620. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

எங்கள் தட்டுகளில் ஒட்டியிருக்கும் விலை வரி சேர்ந்த விலை. 59,000 என்றால் அது 118 பங்கு, அதில் 18 பங்கு வரி. 59,000ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்க வேண்டும்: வற் 9,000, சாமான் பெறுமதி 50,000. மென்பொருளோ முழுத்தொகையிலும் 18 வீதம் எடுத்திருந்தது. காசு பில்லின் படிவத்தை அமைத்துத் தந்தவர் அப்படி ஒரு சூத்திரத்தைப் போட்டிருக்கிறார். கடன் பில்லில் இந்தப் பிழை இல்லை, அங்கே விலையை வரி இல்லாமல் போட்டு அதன் மேல் வற் சேர்ப்போம். காசு பில் வாங்குகிறவர்களில் அநேகர் மொத்தத்தைப் பார்த்துக் காசு தந்துவிட்டுப் போகிறவர்கள். அதனால் ஒருவருடைய கண்ணிலும் படவில்லை. வாடிக்கையாளர் கூடுதலாக ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் வரித் திணைக்களத்துக்கு நாங்கள் அனுப்பும் விவரத்திரட்டில் வெளியீட்டு வரி (விற்பனையில் வாங்கிய வற்) கூடிப் போயிருக்கிறது. கடை தன் இலாபத்திலிருந்து கட்டவேண்டாத வரியைக் கட்டியிருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “எப்ப இருந்து பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் மற்றப் பிழைகளும் வெளியே வந்தன.

வற்றுக்குப் பதிய வேண்டிய விற்பனை எல்லையை 2022 ஒக்டோபரில் வருடத்துக்கு 8 கோடி ரூபாவாகக் குறைத்தபோதுதான் எங்கள் கடை உள்ளே வந்தது. அப்போது வீதம் 15. 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. அன்றைக்கு மென்பொருள்காரருக்குப் போன் பண்ணினோம். “வற் என்ற கோட்டைத் திறந்து 15ஐ அழிச்சு 18 போடுங்கோ, முடிஞ்சுது” என்றார். கோட் என்றால் மென்பொருளில் வரி வீதத்தைப் பதிந்து வைக்கும் குறியீடு. போட்டோம். புதுப் பில்கள் 18 வீதத்தில் வந்தன. எல்லாம் சரி என்றிருந்தோம்.

ஜனவரி நடுப்பகுதியில் காசாளர் தம்பி ஒரு வாடிக்கையாளருக்குப் போன் பண்ணி 1,200 ரூபா பாக்கி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவர், “நான் முழுக்காசுக்கும் செக் தந்திட்டனே” என்று குறைப்பட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். டிசம்பர் பில்: பெறுமதி 40,000, வற் 6,000, மொத்தம் 46,000. அவர் தந்த செக்கும் 46,000. செக் இலக்கத்தைக் குறிக்கத் தம்பி அந்தப் பழைய பில்லைத் திறந்து சேமித்திருக்கிறார். சேமித்த அந்த நேரம் மென்பொருள் அதே கோட்டில் இருந்த புது வீதத்தை எடுத்து, வற்றை 7,200 ஆக்கி, மொத்தத்தை 47,200 ஆக்கிவிட்டது. ஒரு நல்ல மனிதரிடம் இல்லாத கடனைக் கேட்டிருக்கிறோம். அன்று பின்னேரமே அவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

இப்படி எத்தனை பழைய பில் மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தப் பகுதியைத்தான் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன், வேறு கடைகளில் இருப்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு காலாண்டும் விவரத்திரட்டு அனுப்பும் அன்றைக்கு எடுத்த வற் அறிக்கையை நான் அச்சடித்துக் கோவையில் வைப்பேன். 2023 கடைசிக் காலாண்டின் அந்தத் தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதே காலத்துக்கான அறிக்கையை மென்பொருளில் புதிதாக எடுத்தேன். முடிந்துபோன காலத்தின் கணக்கு மாறக்கூடாது. மாறியிருந்தது. இரண்டையும் எக்செல்லில் பில் இலக்கப்படி பக்கத்தில் பக்கத்தில் போட்டு, வித்தியாசம் வரும் வரிகளை மட்டும் வடிகட்டினேன். 17 பில்கள். எல்லாமே ஜனவரியில் வீதத்தை மாற்றிய பிறகு யாரோ திறந்து சேமித்தவை. தாளை வைத்திருக்காவிட்டால் எது பழைய கணக்கு, எது மாறிய கணக்கு என்று எனக்குத் தெரிந்திருக்காது.

திரும்பி வந்த சாமானிலும் இதே கதை. டிசம்பரில் 15 வீதத்தில் விற்ற 20,000 ரூபா பைப் ஜனவரியில் திரும்பி வந்தது. கொடுக்க வேண்டிய கிரெடிட் நோட் (வாடிக்கையாளருக்குத் திரும்ப வரவு வைக்கும் சீட்டு) 23,000. மென்பொருள் போட்டது 23,600. விற்ற நாளின் வீதத்தில்தான் திருப்ப வேண்டும், திரும்பி வந்த நாளின் வீதத்தில் அல்ல.

அடுத்தது சமூகப் பாதுகாப்பு பங்களிப்பு வரி. எனக்கு அதிகம் தலையிடி தந்தது இதுதான். இந்த வரி 2022 ஒக்டோபரில் வந்தபோது எல்லை வருடத்துக்கு 12 கோடி, எங்கள் விற்பனை அதற்குக் கீழே. 2024 ஜனவரியில் எல்லை 6 கோடியாகக் குறைந்ததும் நாங்களும் உள்ளே வந்தோம். வீதம் 2.5. ஆனால் மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் செய்கிறவர்களுக்கு விற்பனையில் 50 வீதத்தின் மேல்தான் அந்த 2.5 வரும். அதாவது 100,000 ரூபா விற்பனைக்கு 1,250 ரூபா. எங்கள் மென்பொருளில் அந்தப் பாதி என்ற விஷயமே இல்லை. கடன் பில்களில் முழுத்தொகைக்கும் 2.5 வீதம் தனி வரியாக விழுந்துகொண்டிருந்தது. 100,000க்கு 2,500.

எங்கள் ஓடிட்டர் சேர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டார்: “இந்த 2,500ஐயும் நீங்கள் வாடிக்கையாளரிட்ட இருந்துதானே வாங்குறியள்? அப்ப அதுவும் உங்கட விற்பனைப் பெறுமதி. அதுக்கு மேல வற் எங்க?” மென்பொருள் வற்றை வெறும் 100,000 மேல் மட்டும் கணக்கிட்டிருந்தது. ஒரு பக்கம் கூடுதலாக வாங்கியிருக்கிறோம், மறுபக்கம் வற் குறைவாகக் காட்டியிருக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்ததால் மொத்தத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

சேர் சொன்ன வழியைத்தான் எடுத்தோம். அந்த வரியைப் பில்லில் தனியாகக் காட்டுவதை நிறுத்தி, விலை நிர்ணயத்துக்குள் கொண்டுவந்தோம். மாத முடிவில் வற் நீங்கலான விற்பனையை எடுத்து, அதில் பாதிக்கு 2.5 வீதம் என்று வெளியே கணக்குப் போட்டு, அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டுகிறோம். வற் போல இதை யாரும் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது, எனவே பில்லில் தனியாகக் காட்டுவதால் வாங்குகிறவருக்கும் பலனில்லை.

திருத்த வேலையை நேரே கடைக் கணக்கில் தொடங்கவில்லை. முழுத் தரவையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் முதலில் செய்து பார்த்தேன். பழைய கோட்டை 15 வீதத்துக்கே திருப்பி, அதன் பெயரில் 2023 என்று சேர்த்து, புதுப் பில்களுக்குத் தெரிவு செய்ய முடியாதபடி மூடினேன். 18 வீதத்துக்குப் புதிதாக ஒரு கோட் திறந்தேன். காசு பில்லுக்கு மென்பொருளிலேயே ‘விலையில் வரி அடக்கம்’ என்ற தெரிவு இருந்தது. அதைப் போட்டு, படிவத்தில் இருந்த கைச்சூத்திரத்தை எடுத்தெறிந்தேன். பிறகு 12 மாதிரிப் பில்கள்: காசு, கடன், கழிவோடு, கழிவில்லாமல், அரைவாசி சாமான் திரும்பி வந்தது. ஒவ்வொன்றையும் முதலில் கொப்பியில் கையால் போட்டேன். அதற்குப் பிறகுதான் மென்பொருளில் அடித்தேன். 11 சரி வந்தன. ஒன்றில் 3 சதம் இடித்தது. ஒவ்வொரு வரியாகச் சதத்தை முழுமையாக்குவதா, கடைசி மொத்தத்திலா என்ற வித்தியாசம் அது. மொத்தத்தில் என்று மாற்றியதும் அதுவும் அடங்கிவிட்டது.

கழிவு பற்றி ஒரு சொல். எங்களில் பலர் வற் போட்ட பிறகு மொத்தத்தில் கழிவு கொடுப்போம். பில் எழுதும்போதே கொடுக்கிற கழிவு முதலில் விலையிலிருந்து போக வேண்டும், மிச்சத்துக்குத்தான் வற். இல்லாவிட்டால் வாங்காத காசுக்கு வரி கட்டுகிறோம்.

மாதிரி சரி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய நேரத்தில் உண்மைக் கணக்கில் கைவைத்தேன். மாறிப்போன 17 பில்களையும் கோவையில் இருந்த தாளின்படி பழைய நிலைக்குக் கொண்டுவந்து, 2023 டிசம்பர் 31 வரையான காலத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். இப்போது தம்பி பழைய பில்லைத் திறந்தால் பார்க்கலாம், சேமிக்க முடியாது.

வெளியே போய்விட்ட இன்வொய்ஸ்கள்தான் கடினமான பங்கு. வற் பதிவுள்ள ஒருவருக்குக் கொடுத்த வரி இன்வொய்ஸை நாங்கள் இங்கே கொம்பியூட்டரில் மாற்றினால் போதாது, அவர் கையில் உள்ள தாளை வைத்து அவர் தன் விவரத்திரட்டை நிரப்பியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் எழுதிப் பழையதை நீக்கி, புது இன்வொய்ஸ் கொடுத்தோம். 38 இன்வொய்ஸ்கள். சமூகப் பாதுகாப்பு வரியில் கூடுதலாக வாங்கியதை அவர்களின் கணக்கில் வரவு வைத்தோம். முதலாளி இதில் ஒரு சதம் கூடப் பேரம் பேசவில்லை. “அவையின்ர காசு அவையிட்டப் போகட்டும்” என்றார். முந்திய காலாண்டுகளில் நாங்கள் கூடக் கட்டியதற்கான திருத்திய விவரத்திரட்டுகளை ஓடிட்டர் சேர் பொறுப்பெடுத்தார்.

இடையில் சித்திரை வருடப்பிறப்பு. கடை பூட்டியிருந்த நாட்களிலும் நான் வந்து வேலை செய்தேன், ஏனென்றால் முதல் காலாண்டின் விவரத்திரட்டு ஏப்ரல் 30க்குள் போக வேண்டும். 26ஆம் திகதி சரியான அட்டவணைகளோடு அனுப்பினோம். அன்றைய அறிக்கையை அச்சடித்து, கீழே திகதியும் என் கையெழுத்தும் போட்டுக் கோவையில் வைத்தேன்.

நிலாவெளிக் கணக்காளருக்குப் புது இன்வொய்ஸை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெறுமதி 50,000, வற் 9,000. அவர் என் முன்னாலேயே கல்குலேற்றரில் தட்டிப் பார்த்துவிட்டுக் கோவையில் செருகினார். தேத்தண்ணி தந்தார்.

அந்த 38இல் மூன்று பேரின் புது இன்வொய்ஸ்கள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வந்து வேலை முடித்துப் போன ஒப்பந்தக்காரர்கள், தந்த இலக்கங்கள் வேலை செய்யவில்லை. அவர்களுக்கான வரவைக் கணக்கில் அப்படியே வைத்திருக்கிறோம்.