பாஞ்சோவில் முந்துவதும் ஓடுவதும்

ஐந்து தந்தி வாத்தியமான பாஞ்சோவைக் கற்கத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில், அமெரிக்க நாட்டுப்புற மரபில் பிறந்த புளூகிராஸ் இசையின் விறுவிறுப்புக்கு வேகமே காரணம் என்று நம்பியிருந்தேன். சென்ற மாதம், சீரான அடியை ஒலித்துக் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 அடியில் வைத்துக் காலப்பிரமாணத்தைப் (பாட்டின் வேகத்தைப்) பிடித்துக்கொண்டு, பிறகு அதை நிறுத்திவிட்டு ஒரு பாட்டை முழுவதும் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்தேன். முடிக்கும்போது 112-ஐத் தொட்டிருந்தேன். வாசிக்கையில் கம்பீரமாகத் தோன்றிய அந்த வாசிப்பு, திரும்பக் கேட்டபோது பதற்றமாக மட்டுமே ஒலித்தது.

மரபான புளூகிராஸ் குழுவில் டிரம் கிடையாது. தாளத்தை வாத்தியங்களே தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஓர் ஆவர்த்தனத்தை எட்டுச் சுரங்களாக எண்ணிக்கொண்டால், கனத்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸ் ஒன்றிலும் ஐந்திலும் விழுகிறது. தந்திகளை அடித்த கணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை நறுக்கிவிடும் மாண்டலினின் ‘சாப்’ மூன்றிலும் ஏழிலும் விழுகிறது. பாஞ்சோ எட்டையும் இடைவிடாமல் நிரப்புகிறது. நிமிடத்துக்கு 120 பாஸ் அடி விழும் பாட்டில் வினாடிக்கு 8 சுரங்கள். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 125 மில்லி வினாடி. பாஞ்சோவின் நாதம் எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடுவதால், வயலின்காரரைப் போல ஒரு சுரத்தை நீட்டிப் பிழையை மறைக்கவும் இந்த வாத்தியத்தில் வழியில்லை.

வட கரோலினாவைச் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் புளூகிராஸின் முன்னோடி பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது கொண்டுவந்த மூவிரல் வாசிப்பின் அழகு இங்கேதான் புரிகிறது. அவர் வழியில் வாசிப்பவர்கள் ‘ஃபார்வர்ட் ரோல்’ என்று சொல்வதை விரல்களால் எண்ணிப் பாருங்கள்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், கட்டைவிரல், நடுவிரல். நம் சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக. கட்டைவிரலின் அழுத்தம் ஒன்று, நான்கு, ஏழு ஆகிய இடங்களில் விழுகிறது. ஒன்றில் பாஸ் துணைக்கு இருக்கிறது, ஏழில் மாண்டலின் இருக்கிறது, ஆனால் நான்காவது சுரத்துக்குத் துணை எவருமில்லை. மாண்டலினுக்குப் பின்னும் பாஸுக்கு முன்னும் அது தனியாக ஒலித்து, வரப்போகும் பாஸ் அடியை நோக்கி நம் காதை இழுக்கிறது. ஆகவே எட்டுச் சுரங்களும் கடிகாரம்போல் சமமாக விழுந்தாலும்கூட, அந்த ரோல் முன்னோக்கிச் சாய்வதாகவே கேட்கிறது. 1949-இல் பதிவான ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ இசையை வேகம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்: வேகம் போன பின்னும் அந்தச் சாய்வு அப்படியே நிற்கும்.

இதற்கு மேல், புளூகிராஸ் வாசிப்பவர்கள் ‘அடிக்கு முன்னால் வாசிப்பது’ என்று சொல்லும் இன்னொன்றும் உண்டு. நம் சங்கீதத்தில் பாட்டின் எடுப்பு அதீதமாகவோ அனாகதமாகவோ (தாளம் தொடங்கும் இடத்துக்கு முன்போ பின்போ) அமைவது அளந்து எண்ணக்கூடிய தூரம். இங்கே நடப்பது மிக நுண்ணியது: சுரம் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை, அந்த இடத்தின் முன்விளிம்பில் உட்காருகிறது. இதில் என் மனம் எப்போதும் தேடிப் போவது கென்டக்கியின் லெக்சிங்டனைச் சேர்ந்த ஜே. டி. க்ரோவிடம்தான். சிறுவனாக ஸ்க்ரக்ஸை நேரில் பார்த்து வளர்ந்து, 1956-இல் ஜிம்மி மார்ட்டின் குழுவில் சேர்ந்து தாளக்கட்டில் ஊறியவர் அவர். 1975-இல் ரவுண்டர் நிறுவனம் வெளியிட்ட, ரசிகர்கள் இன்றும் ‘0044’ என்ற எண்ணாலேயே குறிப்பிடும் இசைத்தட்டில், முதல் பாட்டைத் தொடங்கிவைக்கும் அவருடைய பாஞ்சோவை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு சுரமும் இதோ விழப்போகிறது என்று நாம் நினைக்கும் கணத்துக்கு ஓர் இமைப்பொழுது முன்னதாகவே விழுந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பாட்டின் காலப்பிரமாணம் இம்மியும் ஏறாது. முந்துபவருக்கும் அடிக்கும் உள்ள தூரம் கடைசிவரை மாறுவதில்லை. என்னைப் போல ஓடுபவருக்கோ அது ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் கூடிக்கொண்டே போகிறது. நகராத பாஸ் ஒன்று பின்னால் இருந்தால்தான் அதன்மேல் சாய முடியும் என்பதால், பாஞ்சோ கற்பவர்கள் பாஞ்சோவைக் கேட்கும் நேரத்தில் பாதியையாவது பாஸைக் கேட்பதில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டதில், பிழை தொடங்கும் இடமும் அகப்பட்டது. கட்டைவிரல் மூன்றாம் தந்தியிலிருந்து குட்டையான ஐந்தாம் தந்திக்குத் தாவும் அந்த நான்காவது சுரத்தை நான் அவசரப்பட்டு மீட்டுகிறேன். அதைத் தொடரும் ஐந்தாவதும் முன்னதாக விழுவதால் ஆவர்த்தனமே சுருங்கிவிடுகிறது. இப்போது மெட்ரோனோமை 80-க்கு இறக்கி, அதன் ஒலியைப் பாஸாக எண்ணாமல் மாண்டலினின் சாப்பாக எண்ணி வாசிக்கிறேன். ஒன்றையும் ஐந்தையும் நானே மனத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. முதல் வாரம் நான்கு ஆவர்த்தனங்களுக்குள் மெட்ரோனோமின் ஒலி பாஸின் இடத்துக்குப் புரண்டுவிடும். நேற்று இரவு பதினாறு ஆவர்த்தனங்கள் புரளாமல் நின்றது.